கட்டத்துக்கு ஒரு மாலை

மகன் கலியாணத்துக்குப் பாவாடை கட்டப்போறான் எண்ட கதை பிரான்சிலை எங்கட ஆக்களின்ரை கடைத்தெருவான லாச்சப்பல் முழுக்கப் பரவ ஒரு பின்னேரம் காணும். மரக்கறிக் கடையிலை முருங்கைக்காய் தெரிஞ்சுகொண்டு நிண்ட குலசேகரத்தாரிட்டை, முன்பின் தெரியாத மனுசி ஒருத்தி, "அண்ணை, உண்மையோ?" எண்டு கேட்டா. எது உண்மையோ எண்டு அவர் திருப்பிக் கேக்கேல்லை. காசைக் குடுத்திட்டு, முருங்கைக்காயைக் கடையிலையே விட்டிட்டு வெளியிலை வந்திட்டார்.

அது பாவாடையில்லை, கில்ட். இதை அந்த மாதத்திலை எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பார் எண்டு அவருக்கே தெரியாது. மகன் பிருந்தாபன் முடிக்கப்போற பெட்டை ஆன்ஜெலிக். தாய் பிரெஞ்சுக்காரி, தகப்பன் ஈவன் ஸ்கொட்லாந்துக்காரன். அந்த நாட்டு ஆம்பிளையள் நல்ல நாள் பெருநாளுக்குக் கட்டுறது கட்டம் போட்ட இந்தக் கம்பளித் துணியைத்தான். முழங்கால் மட்டும் வரும், பின்னுக்கு முழுக்கக் கொசுவம், இடுப்பிலை தோல் வார், முன்னுக்குத் தொங்கிறதுக்கு ஒரு பை. காலமை கோயிலிலை வேட்டியோடை தாலி, பின்னேரம் மண்டபத்து வரவேற்புக்குக் கில்ட் எண்டு பெடியனும் பெட்டையும் பேசி முடிச்சாச்சு. எங்கட வழக்கத்திலை மாப்பிள்ளைக்குத் தோழன் ஒராள். இவனுக்கு நாலு வேணுமாம், நாலு பேரும் கில்ட்டோடை நிக்கவேணுமாம்.

"சே பா கிராவ், அப்பா. ஒரு நாள்தானே," எண்டான் பிருந்தாபன். பிரச்சினையில்லை எண்டு அர்த்தம். இஞ்சை பிறந்த பிள்ளையளுக்கு ஒண்டுமே பிரச்சினையில்லை, பாருங்கோ.

நாலு தோழன்மாரிலை செபஸ்டியனும் மத்தியூவும் அவனோடை வேலை செய்யிற வெள்ளைக்காரப் பெடியள். கரிகாலன் சொந்தத்துக்குள்ளை தம்பி முறை. நாலாவது றமேஸ்.

றமேசைப் பற்றிச் சொல்லாட்டி இந்தக் கதையிலை ஒண்டும் விளங்காது. பத்து வருசத்துக்கு முன்னம் விசா இல்லாமல் வந்து இறங்கின பெடியன். குலசேகரத்தார் சமையல் வேலை செய்யிற பிரெஞ்சு றெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவ வந்தான். படுக்க இடமில்லாமல் மெற்றோவிலை படுக்கிறான் எண்டு தெரிஞ்சு, மார்க்ஸ் டோர்மோயிலை இருந்த தன்ரை சின்ன வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்து, பிருந்தாபன்ரை அறையிலை பாய் போட்டுக் குடுத்தவர் குலசேகரத்தார்தான். "அங்கிள் எண்டு கூப்பிட்டியோ வாயிலை போடுவன். மாமா, மாமி எண்டு சொல்லு," எண்டவ அவரின்ரை மனுசி வள்ளிநாயகி. ரெண்டு வருசம் அந்த வீட்டிலை இருந்தான். இப்ப செவ்ரானிலை தனிய இருக்கிறான், விசாவும் கிடைச்சிட்டுது. எவடம் எண்டு ஆரும் கேட்டால் "வன்னி" எண்டு சொல்லுவான்.

வன்னி எண்டது முழுப் பொய்யில்லை, இடம்பெயர்ந்து அங்கை வளர்ந்தவன்தான். ஆனால் தாய் தகப்பன்ரை ஊர் குலசேகரத்தாரின்ரை ஊரேதான், அலரிக்கேணி. இது இஞ்சை குலசேகரத்தார் ஒருத்தருக்கு மட்டும் தெரியும். மூண்டு வருசத்துக்கு முன்னம் அவர் ஊருக்குப் போன நேரம், தாயிட்டைக் குடுக்கச்சொல்லி றமேஸ் ஒரு பார்சல் குடுத்துவிட்டவன். கேணியைத் தாண்டி, ஒரு நாளும் போகாத ஒழுங்கைக்குள்ளை போய், வீடு தேடிக் குடுத்தார். தாய் மனுசி கணவாய்க் கறியோடை சோறு போட்டிட்டு, குசினி வாசலிலை நிண்டு, இந்த மனுசன் கை வைப்பாரோ எண்டு பார்த்துக்கொண்டு நிண்டவ. குலசேகரத்தார் கை வைச்சார். ரெண்டாந்தரமும் போட்டுச் சாப்பிட்டார். திரும்பி வரேக்கை, தான் ஒரு முற்போக்கான ஆள் எண்டு அவருக்கு நல்ல புழுகம். ஆனால் சாப்பிட்ட கதையை வள்ளிநாயகிக்குக்கூட அவர் சொல்லேல்லை. முற்போக்கு எண்டாலும் ஒரு அளவு இருக்குத்தானே.

சரி, கில்ட்டுக்கு வருவம். ஒப்பெரா பக்கம் ஒரு கடையிலை இருக்கு எண்டு கேள்விப்பட்டு குலசேகரத்தாரும் றமேசும் போய்ப் பார்த்தவை. விலைத்துண்டைப் பார்த்த குலசேகரத்தார், கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுப் போட்டு இன்னொருக்காப் பார்த்தார். அந்த விலைக்கு அஞ்சு பேரையும் ஸ்கொட்லாந்துக்கே அனுப்பிக் குடியிருத்தலாம். வாடகையும் அப்பிடித்தான்.

"மாமா, எனக்கு வேண்டாம். மற்ற நாலு பேருக்கும் எடுங்கோ," எண்டான் றமேஸ்.

"விசர்க்கதை கதையாதை. நீ இல்லாமல் அவன் மேடையிலை ஏறுவானோ?" எண்டு ஏசிப்போட்டு, அடுத்த நாள் குசினியிலை நாடா எடுத்து, தன்ரை கையாலை அவனுக்கு இடுப்பு அளந்தார். கூச்சத்திலை பெடியன் நெளிஞ்சான். "நேரா நில்லடா," எண்டார்.

வள்ளிநாயகிதான் வழி சொன்னவ. "சங்கத்திலை கேட்டால் என்ன? தலைப்பாகை, மணவறை, யானை எல்லாம் மலிவா வாடகைக்குக் குடுக்கினம்தானே."

அலரிக்கேணி மக்கள் முன்னேற்றச் சங்கம், பிரான்ஸ் கிளை. லாச்சப்பலிலை ஒரு நிலக்கீழ் அறை. அதுக்குள்ளை பிளாஸ்ரிக் யானை ரெண்டு, மணவறைத் தூண்கள், பட்டுத் தலைப்பாகைகள், அதுகளுக்கு நடுவிலை நிர்வாகசபை. தலைவர் தில்லையம்பலத்தார் சங்கம் தொடங்கின நாள் முதல் தலைவர். ஒவ்வொரு வருசமும் பதவி வேண்டாம் எண்டு அழுவார், ஒவ்வொரு வருசமும் வற்புறுத்தி இருத்துவினம். அழாத வருசம் ஏதும் நடந்திடுமோ எண்டு எல்லாருக்கும் பயம்.

கூட்டம் குத்துவிளக்கோடைதான் தொடங்கும். நிலக்கீழ் அறையிலை நெருப்புக் கொளுத்தினால் எச்சரிக்கை மணி அடிச்சுத் தீயணைப்புக்காரர் வந்திடுவினம் எண்டபடியால், அது பற்றரி விளக்கு. அஞ்சு முகத்துக்கும் ஒரேயொரு சுவிச். ஆனால் ஏத்த வேண்டிய பெரியவை அஞ்சு பேர். அதாலை முதலாவது பெரியவர் போடுவார், கைதட்டுவினம், செயலாளர் மார்க்கண்டு நிப்பாட்டுவார், ரெண்டாவது பெரியவர் போடுவார். அண்டைக்கு எண்ணிக்கையிலை எங்கையோ பிழைச்சு, அஞ்சாவது ஆள் அமத்தேக்கை விளக்கு நூர்ந்து போச்சு. அதுக்கும் கைதட்டினவை.

குலசேகரத்தார் எழும்பித் தன்ரை தேவையைச் சொன்னார். சொல்லி முடியமுதல் தில்லையம்பலத்தார் மைக்கை எடுத்தார். பத்துப் பேருக்கு மைக் எதுக்கு எண்டு கேக்கக்கூடாது.

"ஆம்பிளை பாவாடை கட்டுறதோ! என்ரை பிள்ளையள் மூண்டு பேருக்கும் ஒரு சொல்லுத் தமிழ் தெரியாது. ஆனால் மூண்டு பேருக்கும் வேட்டி வாங்கி அலுமாரியிலை வைச்சிருக்கிறன். அதுதான் கலாசாரம்! இண்டைக்கு ஆம்பிளை பாவாடை கட்டுவான். நாளைக்கு என்ன நடக்கும்? பொம்பிளையள் நிர்வாகசபைக்கு வந்து நிப்பினம்!"

சபை நடுங்கிப் போச்சு. குலசேகரத்தாருக்கு முகம் கறுத்து, பிளாஸ்ரிக் யானைக்குப் பின்னாலை போய் ஒளிச்சால் நல்லம் போலை கிடந்தது. இந்த மனுசர் கலியாணத்துக்கு வராட்டி மண்டபம் வெறிச்சுக் கிடக்கும், சம்பந்தியின்ரை ஆக்களுக்கு முன்னாலை வெக்கக்கேடு.

இந்த நேரத்திலைதான் மார்க்கண்டு தன்ரை ரெலிபோனிலை எதையோ வாசிச்சுப்போட்டு, "தலைவர், ஒரு நிமிசம்," எண்டார். "இதிலை வேறை ஒரு கதை கிடக்கு. இந்தக் கட்டம் சும்மா கட்டமில்லையாம். ஒவ்வொரு வம்சத்துக்கும் ஒவ்வொரு கட்டமாம். ஆளின்ரை துணியைப் பார்த்த உடனை, ஆள் எந்தப் பகுதி எண்டு தெரிஞ்சிடுமாம்."

தில்லையம்பலத்தார் மைக்கைக் கீழை வைச்சார்.

"பேர் கேக்கத் தேவையில்லையோ?" எண்டார் தில்லையம்பலத்தார் மெல்லமா.

"இல்லையாம்."

"ஊரிலை எவடம் எண்டு?"

"ஒண்டும் கேக்கத் தேவையில்லை. துணியே சொல்லும்."

இந்தச் சந்தோசம் வெளியாக்களுக்கு விளங்காது. ஒரு கலியாண வீட்டிலை புது முகத்தைக் கண்டால் எங்கட பெரியவையள் படுகிற பாடு கொஞ்சமோ? ஊர் எது எண்டு கேக்கவேணும். ஊரிலை எவடம் எண்டு கேக்கவேணும். எந்தக் கோயிலுக்குப் போறனீங்கள், தம்பியின்ரை பேரன் என்ன செய்தவர் எண்டு சுத்திச் சுத்தி வந்து விசயத்தைப் பிடிக்கிறதுக்கிடையிலை சாப்பாடு ஆறிப்போயிடும். இப்ப சோறு ஆறமுதல் விசயம் முடிஞ்சிடும்.

"நான் எப்பவும் சொல்லுறனான்," எண்டார் தில்லையம்பலத்தார், "ஸ்கொட்லாந்துக்காரர் ஒரு உயர்ந்த பண்பாடுள்ள சனம்."

தீர்மானம் ஏகமனதா நிறைவேறிச்சுது. சங்கமே துணி எடுத்து, லாச்சப்பல் தையல்காரரிட்டைக் கில்ட் தைப்பிச்சு வைக்கும். முதல் வாடகை குலசேகரத்தாருக்கு, ஏறக்குறையச் சும்மா. ஒரேயொரு நிபந்தனை: ஆருக்கு எந்தக் கட்டம் எண்டதைச் சங்கம் தீர்மானிக்கும். குலசேகரத்தாருக்கு நெஞ்சிலை இருந்த பாரம் இறங்கிச்சுது. எல்லாரோடையும் சேர்ந்து அவரும் கைதட்டினார். பேந்து நினைச்சு நினைச்சு வெக்கப்பட்ட விசயங்களிலை அதுவும் ஒண்டு.

அடுத்த கிழமை கட்ட நிர்ணயக் குழு கூடிச்சுது. இப்ப அஞ்சு கில்ட்டுக்கு மட்டுமில்லை, முழு ஊருக்கும் கட்டம். கோயிலடிக்குப் பச்சைத் துணியிலை மஞ்சள் கோடு. பள்ளிக்கூட வீதிக்கு நீலம். இதுவரைக்கும் நல்லாத்தான் போச்சு. பேந்து, கோயிலுக்கு மணி வாங்கிக் குடுத்தவற்றை பேரன் எழும்பி, தன்ரை குடும்பத்துக்கு மணிக்காக ஒரு கோடு கூட வேணும் எண்டார். மணி கட்டுறதுக்குக் கயிறு வாங்கிக் குடுத்தவற்றை பேரன், அப்ப கயிறுக்கும் ஒரு கோடு எண்டார். ரெண்டு பேரும் ஒரே றெஸ்ரோறன்ரிலை ஒரே தொட்டியிலை சட்டி கழுவுறவை. அண்டையிலையிருந்து தொட்டிக்கு நடுவிலை ஒரு பலகை வைச்சிருக்கினம் எண்டு கேள்வி.

"கோட்டை நிப்பாட்டுங்கோ ஐயாமாரே, துணி தெரியேல்லை," எண்டு தையல்காரர் கையெடுத்துக் கும்பிட்டார்.

கடைசியா மாப்பிள்ளையின்ரை தோழன்மார் விசயம் வந்துது. மாப்பிள்ளைக்கும் கரிகாலனுக்கும் கோயிலடிப் பச்சை, அதிலை விவாதமில்லை. செபஸ்டியனும் மத்தியூவும் வெள்ளைக்காரப் பெடியள் எண்டதும், "அவைக்கும் பச்சையையே குடுங்கோ. வெள்ளைக்காரரிட்டை நாங்கள் பகுதி கேக்கிறேல்லை, அது நாகரிகமில்லை," எண்டார் தலைவர்.

"நாலாவது ஆர்?" எண்டார் மார்க்கண்டு.

"றமேஸ்," எண்டார் குலசேகரத்தார். "வன்னி."

"வன்னி எண்டால்?"

"வன்னிதான்."

"வன்னிக்கு முதல்?"

குலசேகரத்தாரின்ரை கையிலை தேத்தண்ணிக் கோப்பை. எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டு இருந்தவை, கோபமா இல்லை, அன்பா. தெரியாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். உனக்கெதுக்கு எண்டு கேட்டிருக்கலாம், எழும்பி வந்திருக்கலாம். வெறும் மண்டபம் கண்ணுக்கு முன்னாலை வந்துது. ஓடர் குடுத்த கில்ட்டும் வந்துது. முப்பது வருசமா இந்த மனுசரோடை சிரிச்சுக்கதைச்ச பழக்கம் வாயைத் திறந்துவிட்டுது.

"எங்கட ஊர்தான்," எண்டார். "கேணிக்கு அங்காலை."

சொன்ன உடனை தேத்தண்ணியைக் குடிச்சார். வாய் வெந்து போச்சு.

ஆரும் ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை, அதுதான் அந்தச் சங்கத்தின்ரை சிறப்பு. தில்லையம்பலத்தார் எழும்பி, நெஞ்சிலை கை வைச்சுச் சொன்னார்: "சாதி எண்ட சொல்லை இந்தச் சங்கத்திலை நாங்கள் பாவிக்கிறேல்லை. எங்கட யாப்பிலையே அந்தச் சொல் இல்லை. அதாலைதான் கேணி எண்டு சொல்லுறம். கேணிக்கு அங்காலை எனக்கு எவ்வளவு பேரைத் தெரியும்! எங்கட வளவிலை வேலை செய்தவை. தங்கமான சனம், ஒரு நாளும் முன்வாசலாலை வந்ததில்லை. நாங்கள் ஒருத்தரையும் ஒதுக்கேல்லை. இடம் மாத்திறம், அவ்வளவுதான்."

மாத்தின இடம் கார் நிப்பாட்டுற இடம். றமேசுக்கு 'வாகனத் தரிப்பிடப் பொறுப்பாளர்' எண்டு ஒரு பதவி. அதுக்கு உடுப்பும் உண்டு: இருட்டிலை மினுங்கிற மஞ்சள் ஜீலே, வீதி வேலைக்காரர் சட்டைக்கு மேலை போடுற கையில்லாத அங்கி. அதிலை கட்டம் ஒண்டும் இல்லை.

அடுத்த நாள் றெஸ்ரோறன் குசினியிலை றமேஸ் மட்டி கழுவிக்கொண்டு நிண்டான். குலசேகரத்தார் பக்கத்திலை போய் நிண்டு, வெங்காயத்தை உரிக்கத் தொடங்கினார். வெங்காயம் அண்டைக்குத் தேவையில்லை.

"றமேஸ், ஒரு சின்ன விசயம். சங்கத்திலை எடுத்த துணி போதாமல் போச்சாம். உனக்குத்தான்... அளவு சரியா வரேல்லையாம்."

றமேஸ் மட்டியிலையிருந்து கண்ணை எடுத்து ஒருக்கா அவரைப் பார்த்தான். தன்ரை கையாலை நாடா பிடிச்சு அளந்த மனுசன்.

"அப்ப எனக்கு என்ன வேலை மாமா?"

"கார் நிப்பாட்டுற இடத்திலை ஒரு பொறுப்பான ஆள் வேணுமாம். நீயெண்டால் நம்பி விடலாம்..."

"ஓம் மாமா. அதுக்கும் ஆள் வேணும்தானே," எண்டான். பிறகு மட்டியைக் கழுவத் தொடங்கிட்டான்.

அண்டு பின்னேரம் பிருந்தாபன் ரெலிபோனிலை குதிச்சதும், றமேஸ் அவனைச் சமாளிச்சதும் குலசேகரத்தாரின்ரை காதிலை விழுந்தது. "மச்சான், எனக்குக் கமெராவுக்கு முன்னாலை நிண்டால் வேர்க்குமடா. நான்தான் மாமாட்டைக் கெஞ்சிக் கேட்டனான்." தான் செய்த ஊத்தை வேலையை அந்தப் பெடியன் துடைச்சுவிடுறதைக் கேட்டுக்கொண்டு, குலசேகரத்தார் குளிர் அறைக்குள்ளை போய் வெண்ணெய் எடுக்கிற மாதிரிக் கனநேரம் நிண்டார். சீ எண்டு போச்சு அவருக்குத் தன்னிலை.

கலியாண நாள். கோயில், தாலி, அறுகரிசி எல்லாம் வடிவா முடிஞ்சு, பின்னேரம் மண்டபம் நிரம்பிச்சுது. குலசேகரத்தார் ஆசைப்பட்ட மாதிரியே சங்கம் முழுக்க வந்திருந்தது, பகுதி பகுதியா, கட்டம் கட்டமா. பச்சைகள் முன்வரிசையிலை. நீலங்கள் அதுக்குப் பின்னாலை. மேலை ரையும் கோட்டும், கீழை முழங்கால். மணிக்கோட்டுக்காரரும் கயிற்றுக்கோட்டுக்காரரும் ஒருத்தற்றை துணியை ஒருத்தர் எண்ணிக்கொண்டு இருந்தவை. முன்னுக்குத் தொங்கின பைக்குள்ளை, குடுக்கிறதுக்கு என்வலப்பும், வீட்டை கொண்டுபோக நாலு பயித்தம் பணியாரமும்.

ஈவன் தன்ரை கில்ட்டோடை வந்து இறங்கினார். சிவப்பும் கறுப்பும், அகலக் கட்டம். மார்க்கண்டு ரெலிபோனைத் துணிக்குக் கிட்டப் பிடிச்சு ஒப்பிட்டுப் பார்த்தார், வெளிச்சம் காணாமல் இன்னொருக்காப் பார்த்தார். பிறகு மேடைக்கு ஓடிப்போய்த் தலைவற்றை காதுக்குள்ளை, "ராச வம்சம்," எண்டார்.

தில்லையம்பலத்தார் மைக்கை எடுத்தார். "சபையோருக்கு ஒரு அறிவித்தல். சிவப்புக் கட்டம் மண்டபத்துக்குள்ளை வரும்போதெல்லாம் எல்லாரும் எழும்பி நிக்கவேணும். இது சங்கத்தின்ரை மரபு."

மரபுக்கு வயசு ஒரு நிமிசம். எண்டாலும் சபை எழும்பிச்சுது. ஈவன், இது ஏதோ தேசிய கீதம் எண்டு நினைச்சு, தானும் விறைச்சு நிண்டார். அவர் இருக்க, அவையும் இருந்தவை. அவர் மூத்திரம் பெய்யப் போட்டு வந்தார், திரும்பவும் எழும்பினவை. தண்ணிப் போத்தல் எடுக்கப் போய் வந்தார், மூண்டாந்தரமும் எழும்பினவை. நாலாந்தரம் மனுசனுக்குப் பொறுக்கேலாமல் போய், சிகரெட் பத்துற சாட்டிலை வெளியிலை கார் நிப்பாட்டுற இடத்துக்குப் போனார்.

அங்கை குலசேகரத்தார் நிண்டார், பட்டு வேட்டியோடை, கையிலை ஒரு சாப்பாட்டுத் தட்டோடை. மகன்ரை வரவேற்பு உள்ளுக்கு நடக்குது, இவர் றமேசுக்குச் சோறு கொண்டுவந்து நிக்கிறார். றமேஸ் மஞ்சள் ஜீலேயோடை ஒரு காரைப் பின்னுக்கு எடுக்கச் சொல்லிக் கை காட்டிக்கொண்டு நிண்டான்.

ஈவனுக்கு றமேசை நல்லாத் தெரியும். நிச்சயதார்த்தத்துக்குப் பிருந்தாபனோடை ஈவன்ரை வீட்டை போய், மூண்டு நாள் நிண்டு, சமைச்சும் குடுத்தவன். அவர் பிரெஞ்சிலை கேட்டார்: "இவன் ஏன் வெளியிலை நிக்கிறான்? பிருந்தாபன்ரை கூட்டாளியெல்லோ?"

குலசேகரத்தாருக்கு முப்பது வருசப் பிரெஞ்சு. விசா அலுவலகத்துக்கு, முதலாளிக்கு, மெற்றோவிலை ரிக்கற் பார்க்கிறவனுக்கு, எல்லாத்துக்கும் அவரிட்டைச் சொல் இருந்தது. கேணிக்கு அங்காலை எண்டதைப் பிரெஞ்சிலை எப்பிடிச் சொல்லுறது? சொன்னால் அந்த மனுசன், "அதுக்கென்ன?" எண்டு கேக்கும். அதுக்கென்ன எண்டதுக்கு மறுமொழி எந்தப் பாசையிலை இருக்கு?

"கில்ட்... அளவு..." எண்டு இழுத்தார்.

"ஓம், எனக்கு அளவானது கிடைக்கேல்லை," எண்டு றமேஸ் பிரெஞ்சிலை முந்திச் சொன்னான். சிரிச்சுக்கொண்டு சொன்னான்.

"இவ்வளவுதானோ?" எண்டார் ஈவன். "என்ரை வானிலை இன்னொண்டு கிடக்கு. வா."

"அது உங்கட வம்சத்துக் கட்டமெல்லோ?" குலசேகரத்தாரின்ரை வாய் தன்பாட்டிலை கேட்டிட்டுது.

ஈவன் விழுந்து விழுந்து சிரிச்சார். "வம்சமோ? எங்கட ஊரிலை ஒரு கடை பூட்டேக்கை கழிவு விலையிலை போட்டாங்கள். ஒண்டு எடுத்தால் ஒரு விலை, ரெண்டு எடுத்தால் இன்னும் மலிவு. அதுதான் ரெண்டு எடுத்தனான். என்ரை அப்பா கொதிநீர் அடுப்புத் திருத்தினவர். நானும் அதுதான். அடுப்புத் திருத்துறவனுக்கு என்ன கட்டம்?"

வானுக்குப் பின்னாலை நிண்டு றமேஸ் உடுப்பு மாத்தினான். மஞ்சள் ஜீலேயை மடிச்சு, மாமாவின்ரை கையிலை குடுத்தான். குலசேகரத்தார் ஒரு கையிலை ஜீலே, மற்றக் கையிலை ஆறின சோறு, அப்பிடியே பின்னாலை போனார்.

மண்டபக் கதவு திறந்துது. மேடைக்கு மட்டும்தான் வெளிச்சம், வாசல் பக்கம் இருட்டு. முதல் தெரிஞ்சது துணி. சிவப்பும் கறுப்பும், அகலக் கட்டம். சபை முழுக்க எழும்பிச்சுது. பச்சை எழும்பிச்சுது, நீலம் எழும்பிச்சுது, மணிக்கோடும் கயிற்றுக்கோடும் போட்டி போட்டு எழும்பிச்சுது. சம்பந்திக்கு எண்டு எடுத்து வைச்ச ரோசாப்பூ மாலையோடை தில்லையம்பலத்தார் இறங்கி ஓடிவந்து, குனிஞ்சபடியே கொண்டுபோய்ப் போட்டிட்டு, நிமிர்ந்து பார்த்தார்.

றமேஸ்.

தலைவர் அப்பிடியே நிண்டார். மாலையைத் திரும்ப எடுக்கேலாது, பின்னாலை ஈவன் நிண்டு கைதட்டுறார். சபைக்கு இருக்கிறதோ நிக்கிறதோ தெரியேல்லை. கன பேர் அரைவாசியிலை நிண்டவை, கில்ட்டோடை அரைவாசியிலை நிக்கிறது லேசான விசயமில்லை. தில்லையம்பலத்தார் நிலைமையை விளங்கிக்கொண்டு மைக்கைத் தேடி எடுத்தார்.

"சபையோர் தயவுசெய்து கவனிக்கவேணும். இந்த மாலை கட்டத்துக்குப் போட்டது. ஆளுக்கில்லை."

வெள்ளைக்காரருக்கு ஒண்டும் விளங்கேல்லை, அவை பலமாக் கைதட்டினவை. பிருந்தாபன் மேடையிலையிருந்து குதிச்சு ஓடிவந்து, றமேசைக் கட்டிப்பிடிச்சு, மாலையும் பூவும் நசிய, இழுத்துக்கொண்டு போய்த் தனக்குப் பக்கத்திலை நிப்பாட்டினான். படம் எடுத்தவை. நாலு தோழன்மாரும் அந்தப் படத்திலை இருக்கினம், அதிலை ஒராளுக்கு மட்டும் மாலை.

கொஞ்ச நேரத்தாலை றமேஸ் மேடைக்குப் பின்பக்கம் ஓடிவந்தான். அங்கை கதிரை அடுக்கின இடத்திலை குலசேகரத்தார் தனிய நிண்டார்.

"மாமா, ஈவன் பெரிய ஆளெல்லோ, இது கழண்டு விழப்போகுது. ஒருக்கா இந்த வாரை இறுக்கி விடுங்கோ."

குலசேகரத்தார் பட்டு வேட்டியோடை முழங்காலிலை இருந்து வாரைப் பிடிச்சார். கடைசித் துளையும் காணாது. றமேசின்ரை இடுப்பு அவருக்குத் தெரிஞ்ச இடுப்புத்தானே.

"றமேஸ்," எண்டார், நிமிர்ந்து பார்க்காமல். "நான்தான் சொன்னனான். உன்ரை இடம் எதெண்டு அவையளுக்கு..."

"தெரியும் மாமா."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. இஞ்சை எங்கட வீட்டைக் கண்டது நீங்கள் ஒராள்தானே."

மேடையிலை பாட்டுப் போட்டாங்கள். றமேஸ் மாலையைக் கழட்டிக் கதிரையிலை கொழுவினான்.

"அம்மாவோடை கதைக்கிற நேரமெல்லாம் இப்பவும் கேக்கிறவ," எண்டான். அவன்ரை குரலிலை கோபம் ஒண்டும் இல்லை. "மாமா அண்டைக்கு வயிறாரச் சாப்பிட்டவரோ, கறி அவருக்குப் பிடிச்சதோ எண்டு. நாளைக்கும் கேப்பா. என்ன மாமா சொல்ல?"

குலசேகரத்தார் வாரைப் பிடிச்சபடி முழங்காலிலையே இருந்தார். விட்டால் துணி விழுந்திடும்.